லேப் டிப்

ஞாயித்துக்கிழமை வெடியால
சாடிவயல் சோதனைச்சாவடியில்
பிஸ்கட் உறையைப் பிரித்து
காகிதத்தில் கொட்டித் தந்தார் காவலர்.
ஷாம்பு பாக்கெட் இரண்டு, சீயக்காய் ஒன்று
வாளிக்குள் போயின.
நிரஞ்சன் சாஹுவின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து
"இந்திக்காரனா?" என்றார்.
"ஒடியா" என்றான் அவன். "தமிழும் தெரியுமுங்."
வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள்,
என்ற ஊட்டுக்காரியைத் தவிர.

தனபாக்கியம் செருப்புப் பையை மடியில் வைத்து
மூங்கிலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
திருப்பூரிலிருந்து மூன்று பஸ் மாறி
தண்ணி வாத்துக்கப் போறது
அவள் கணக்கில் வெட்டி முட்டுவழி.
குழாயில் வராததா அங்கே வரப்போவுது?

வண்டி நின்ற இடத்திலிருந்து நடை.
வேர் படியாகிக் கிடந்தது, படி பாசியாகிக் கிடந்தது.
சத்தம்தான் முதலில் வந்தது,
மெஷின் ஓடுகிற ஷெட்டைத் தாண்டும்போது வருமே
அந்த மாதிரி, காதில் இல்லை, நெஞ்செலும்பில்.
அப்புறம் காற்று நனைந்தது.
அப்புறம் பாறை விலகி
அருவி.

அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.
விழுந்தது.
என் கண் போனது அதன் காலடி மடுவுக்கு.
பத்தொன்பது வருசம் கலர் பார்த்த கண்.
வெளிநாட்டுக்காரன் ஒரு விரல் அகலத் துணி அனுப்புவான்;
அதே நிறத்தைக் குடுவையில் கொண்டுவந்து
துணியில் ஏற்றிக் காட்டணும். லேப் டிப் என்று பேர்.
ட்யூப் லைட்டில் ஒன்று, வெயிலில் ஒன்று என்றால்
திருப்பிவிடுவான்.

மடுவைப் பார்த்ததும் மனசு கணக்குப் போட்டது:
டர்க்காய்ஸ் ஒன்று புள்ளி இரண்டு. மஞ்சள் ஒரு சொட்டு.
மேகம் நகர்ந்தது. தப்பு. கறுப்புச் சேர்.
ஒரு பையன் குதித்தான். எல்லாம் வெள்ளை.
அடங்கியபோது அடிக் கூழாங்கல் வரைக்கும்
ஒன்றுமே இல்லை,
வைத்திருந்தவர் யாரோ வந்து
நிறத்தை எடுத்துக்கொண்டு போனது போல.

நிரஞ்சன் துணியோடு விழுந்து
மறுகரையில் எழுந்தான். மகாநதிக்கரைப் பிள்ளை.
நான் இடுப்பளவில் நின்றேன். நீச்சல் வராது.
தண்ணீரில்தான் வேலை, ஆனால் அது
எண்பது டிகிரித் தண்ணீர்.

அவளுக்கும் வராதென்றே நினைத்திருந்தேன்.
கொடுமுடிக்கு மேற்கே, இதே நொய்யல்
காவிரியில் சேரும் பக்கம் அவள் ஊர்.
பெண் பார்க்கப் போன அன்று
"மாப்பிள்ளை லேப்பில் இருக்கார்" என்றார் தரகர்.
ரத்தம் சோதிக்கிற லேப் என்று எண்ணிக்கொண்டார் மாமனார்.
யாரும் திருத்தவில்லை. நானும்.
மறுவீட்டு விருந்தில் என் நீல நகங்களைப் பார்த்தவர்
சோற்றில் கை வைத்தபடி இருந்தார் சித்த நேரம்.
அன்றும் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை.
ஜன்னலில் தென்னைகள் தெரிந்தன,
கொண்டையில்லாமல்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
இறங்கினாள் தனபாக்கியம்.
முழங்கால். இடுப்பு. கழுத்து.
அப்புறம் காலை உதைத்தாள் பாருங்கோ,
கிணத்து நீச்சல், தலை முங்காத நீச்சல்,
பாறையைச் சுற்றி ஒரு வட்டம்.
பதினாறு வருசம் எங்கே வைத்திருந்தாள் இதை?
என் பக்கத்தில் வந்து நின்று
ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினாள்.
கொப்பளிப்பாள் என்று பார்த்தேன். விழுங்கினாள்.
"உப்பே இல்லீங்" என்றாள்,
எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போல.

விசில் ஊதிவிட்டார்கள்.
ஈரச்சேலையோடு வண்டியில் உட்கார்ந்து
நமத்த பிஸ்கட்டைத் தின்றாள்,
நிரஞ்சனுக்கும் இரண்டு கொடுத்தாள்.
இப்போது ஆற்றில் விடுவதில்லை நாங்கள்.
காய்ச்சி, உப்பைத் தனியே பிரித்து
மூட்டை கட்டி அடுக்கிவிடுகிறோம்.
இதைச் சொல்லலாமா என்று
காந்திபுரம் வரைக்கும் யோசித்தேன்.
அதற்குள் தூங்கியிருந்தாள்.

திங்கள் வெடியால
மேசையில் புதுத் துணித்துண்டு. கரும்பச்சை.
தராசைத் துடைத்தேன்.
முதலில் உப்பு நிறுக்கணும்,
லிட்டருக்கு எண்பது கிராம்.