எடைச் சீட்டு

கோபாலபுரம் எடைமேடையில் எனக்கு வேலை.
தேங்காய் லாரி, தென்னைநார் லாரி,
எல்லை தாண்டும் மாட்டு லாரி.
சரக்கோடு ஒரு எடை,
வெறும் வண்டிக்கு ஒரு எடை.
கழித்துச் சீட்டுக் கிழிப்பேன்.
மாதத்தில் ஆறு நாள்
ஒருக்களித்து உட்கார்ந்து கிழிப்பேன்.

நோயின் பெயரைக் கோயம்புத்தூரில் சொன்னார்கள்.
எண்டோமெட்ரியோசிஸ்.
"மோட்டார் கம்பெனி பேராட்ட இருக்குது"
என்றார் இவர்.
கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு
வெளியே போய்
சினைப்பையில், குடலில் ஒட்டி வளர்ந்து
அங்கேயும் மாதாமாதம் கசியுமாம்.
டாக்டரம்மா பேனாவால் படம் போட்டுவிட்டு
ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்றார்.
எடை சொல்லியே சம்பளம் வாங்குகிறவள்,
எனக்கு வாய் வரவில்லை.

துளை போட்டுச் சுட்டெடுத்தார்கள்.
பதினான்கு மாதம் சும்மா இருந்துவிட்டுத்
திரும்ப வந்தது.

அப்புறம்தான் ஆளுக்கொரு வைத்தியம்.
நல்லேபிள்ளி ஹோமியோக்காரர்
கனவில் பாம்பு வருமா,
கால் பக்கம் போர்வை வேண்டுமா என்றெல்லாம் கேட்டு
கடுகளவு உருண்டைகள் தந்தார்.
ஆனைமலையில் காது மடலில் ஊசி.
அசோகப்பட்டைக் கஷாயம்
துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல் இருந்தது.
"ஒண்ணு பெத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்" –
இதை மட்டும் எல்லோரும் காசு வாங்காமல் தந்தார்கள்.

கடைசியாகக் கொழிஞ்சாம்பாறை போகும் வழியில்
இயற்கை வைத்தியசாலை. பத்து நாள்.
உப்பில்லை, புளியில்லை,
காப்பியின் வாசனைகூட இல்லை.
விடிந்ததும் பூசணிச் சாறு.
சலித்த குளத்து மண்ணைத் துணியில் பொதிந்து
அடிவயிற்றில் வைப்பார்கள்;
ஒரு வயலை மடியில் போட்டுக்கொண்டதுபோல் கனக்கும்.
பிறகு இடுப்புக் குளியல் தொட்டி:
காலும் முதுகும் வெளியே,
நடுவில் இருப்பது மட்டும் பச்சைத் தண்ணீரில்.
சன்னலுக்கு அப்பால்
கள்ளு வண்டி கேன்களை உருட்டிக்கொண்டு போகும்.

ஞாயிற்றுக்கிழமை இவர் வந்தார்,
வரும்போதே லாட்டரி வாங்கி.
ஏன் என்றேன்.
"போட்டாத்தானே விழுகும்" என்றார்,
லாட்டரியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா.

விளக்கெண்ணெய்த் துணி கட்டுகிறவள் பிரசீதா.
"கொறவுண்டோ சேச்சி?"
உண்டு என்றேன். பொய்யில்லை.
அந்த இருபது நிமிடம், தண்ணீருக்குள்,
வயிறு என் பேச்சைக் கேட்டது.

எட்டாம் ராத்திரி, தேதி தவறாமல், வந்தது.
சுவரைப் பிடித்துக் குளியலறை வரை போய்
ஈரத் தரையிலேயே மடங்கிவிட்டேன்.
பிரசீதா வந்தாள்.
டாக்டரைக் கூப்பிடவில்லை,
மண் கொண்டுவரவில்லை.
கதவைச் சாத்திவிட்டு
கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை எடுத்தாள்.
இரண்டு மிச்சம்.
ஒன்று எனக்கு.
மற்றதைத் தண்ணீரில்லாமல் தான் விழுங்கினாள்.
"எனிக்கும் உண்டு. பதினாறு வயசு முதல்."
வெற்று அட்டையைச் சுருட்டி
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்,
குப்பையில் போட்டால் டாக்டர் பார்த்துவிடுவார்.
மாத்திரை வேலை செய்ய நாற்பது நிமிடம் ஆகும்.
இருவரும் பக்கெட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம்.
ஒருத்தி பக்கத்தில் இருக்க
அதுவரை நான் வலித்ததில்லை.

லாட்டரியில் நூறு ரூபாய் விழுந்தது.
மேலே கொஞ்சம் போட்டுப் பொள்ளாச்சியில்
நீலப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கினோம்.
அதில் உட்காருகிறேன்.
மாத்திரையும் இருக்கிறது,
சீட்டுக் கட்டுக்கு அடியில்.
அடுத்த மாதம் கோயம்புத்தூர் போக
நாள் வாங்கியாயிற்று.

நேற்று ராத்திரி வண்டி வராத நேரத்தில்
நானே மேடையில் ஏறி நின்றேன்.
ஐம்பது என்று காட்டியது.
பத்துப் பத்தாகத்தான் காட்டும்;
அதற்குக் கீழே இருப்பது
அதன் கணக்கில் கிடையாது.

பின்னால் ஒரு கேரளா லாரி
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது.
இறங்கினேன்.
பூஜ்யத்துக்குத் திரும்ப
அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பழைய மேடை.
டிரைவரைப் பொறுக்கச் சொல்லிக் கைகாட்டினேன்.