கடந்த தடை

படிவத்தில் ஆறாவது கட்டம்:
நீங்கள் கடந்த தடை ஒன்றைப் பற்றி எழுதுக.
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

முசூசுவிலிருந்து தவோங்கா கேட்கிறாள்,
அரைகுறை சிக்னலில்:
இன்னும் கடக்கவே இல்லையே, தெம்வா,
தடைக்குள் உட்கார்ந்துதான்
இதை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
எந்தக் காலத்தில் எழுத?

க்ரோனிங்கனில் மழை.
ஒரு காதில் அவள்,
மறு காதில் உருளைக்கிழங்கு கொதிக்கும் சத்தம்.
நிகழ்காலத்தில் எழுது என்றேன்.
அவர்களுக்குப் பிடிக்காது.
எழுது.

முதல் வரைவில் அப்பாவை
இரண்டு முறை சாகடித்திருந்தாள்,
தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று.
கண்ணீர் இருந்தால்தான் கட்டணம் தள்ளுபடி என்று
யாரோ சொன்னார்களாம்.
மூன்று வருடம் முன்பு
நானும் அப்படித்தான் எழுதினேன்.
அந்தத் தாளை இன்றுவரை
என் தம்பிக்குக் காட்டவில்லை.
அப்பா ஒரு முறை போதும் என்றேன்.
கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.
கரன்ட் போனதா, அவள் போனாளா,
தெரியவில்லை.

புது வரைவு வந்தபோது
அதில் ஒரு மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது.
பெல்ட் அறுந்த நாளில்
பழைய சைக்கிள் டியூபை முறுக்கி மாட்டினாளாம்.
நாலு மணி நேரம் தாங்கியதாம்.
ஐந்தாவது மணியில் ஏன் அறுந்தது என்பதுதான்
மீதி முந்நூறு சொல்லும்.
அப்பா ஒரே ஒரு வரியில் வந்தார்,
ஸ்பானரைத் தேடிக்கொண்டு.

அம்மா நியாகோண்ட்வேக்கு
என் மேல் சந்தேகம் தீரவேயில்லை.
டவுனில் ஏஜெண்டு இரண்டு லட்சம் குவாச்சா கேட்கிறான்,
அவன் திருடன், அது தெரிந்த கதை.
ஒன்றுமே கேட்காத இவள் யார்?
ஒருநாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்:
எங்கள் பெண்ணை வைத்து உனக்கு என்ன லாபம்?

நல்ல பதில் எதுவும் வாயில் வரவில்லை.
இந்த ஊரில் என்னைத் தும்புகாவில் திட்ட
ஆளில்லை அம்மா என்றேன்.
திட்டினாள்.
நன்றாக இருந்தது.

மார்ச் தொடக்கத்தில் கடிதம்.
இடம் உண்டு என்று மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.
உதவித்தொகை இல்லை என்று வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.
மகிழ்ச்சிக்கும் வருத்தத்துக்கும்
ஒரே கையெழுத்து.
பந்திக்கு அழைத்துவிட்டு
அடுப்பை அணைத்த வீடு.

நான் அழுதேன்.
தேதிகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்,
பரிந்துரைக் கடிதம் தாமதமானது என்னாலா என்று.
அவள் அழவில்லை,
அல்லது என் காதில் விழும்படி அழவில்லை.

மறுநாள் ஒரு படம் வந்தது.
மில் சுவரில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில்,
கடிதத்தின் மேல்பாதி.
கீழ்ப்பாதியை அம்மா கத்தரித்துவிட்டாள்.
சோளம் அரைக்க வருகிறவர்கள்
தாளைப் பார்க்கிறார்கள்,
இவளைப் பார்க்கிறார்கள்,
மூட்டையை மெதுவாக இறக்குகிறார்கள்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்:
வெட்டிய துண்டு என்னிடம்தான் இருக்கிறது.
கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி.
பதினான்கு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம்.
நீ படித்தாயா, தெம்வா?

படிக்கவில்லை.
வருத்தத்துடன் என்ற சொல்லோடு
நான் நின்றுவிட்டேன்.

செவ்வாய், இங்கே ஒன்பது மணி,
அங்கே பத்து, கரன்ட் இருந்தால்
என்று தட்டினேன்.

இல்லாவிட்டாலும்
என்று வந்தது.