ஆறாம் நிரல்: குறிப்பு

பிரதேச சபை தந்த படிவத்தில் ஆறு நிரல்கள்:
இலக்கம், இடம், ஆண்டு, மொழி, நிலைமை, குறிப்பு.
நாவற்கேணியில் நட்டுவைத்த கல் எல்லாம்
வெள்ளிக்கிழமைக்குள் எழுதி முடிய வேணும்.
ஒரு சைக்கிள், ஒரு அளவுநாடா,
பாசி சுரண்ட என் பழைய பிரஷ்.

ஒன்று. வாடிவீட்டு வளைவில் மைல்கல்.
நாங்கள் அம்பாறையாகி அறுபது வருடம் தாண்டிவிட்டது,
கல்லுக்கு யாரும் அறிவிக்கவில்லை.
இன்னும் மட்டக்களப்புக்குத்தான்
மைல் எண்ணிக்கொண்டு நிற்கிறது.

இரண்டு. நூலகத்தின் திறப்புக் கல்.
அமைச்சரின் பெயர் மேல் தார்.
பூசிய வருடம் கேட்டால்
ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள்.
தாருக்குத் தப்பியது ஒரே ஒரு சொல்:
"அவர்களால்".
நிலைமை என்ற நிரலில் அதையே எழுதினேன்.

மூன்றாவதைத் தேடி அலுத்து,
ஆதம்பாவா காக்காவின் வளவில் கண்டெடுத்தேன்.
சந்தைக் கட்டடத்துக்கு வைத்த அடிக்கல்.
கட்டடம் வரவேயில்லை.
கவிழ்த்துப்போட்டு மீன் வெட்டுகிறார்.
செதிலை வழித்துப் புரட்டிக் காட்டினார்.
"ரெண்டு பாஷையிலயும் பிழை புள்ள,
ஆனா கத்தி தீட்ட
எழுத்துப் பக்கம்தான் நல்லம்."

நாலிலிருந்து பத்தொன்பது வரை கிணறுகள்.
கடல் வந்துபோன அடுத்த வருடம் வந்தவை.
கட்டுகளில் கொடிகள், குலுக்கும் கைகள், ஒரு புறா.
வெயில் எல்லா நாட்டையும்
ஒரே வெளிர்நீலமாக்கி வைத்திருக்கிறது.
பதினாலில் உப்பு. பதினாறில் ஆமை.
பதினேழைத் தூர்த்து மேலே கோழிக்கூடு.

இருபது. கடற்கரையில் கறுப்புக் கல்,
நூற்றுப் பன்னிரண்டு பெயர்.
நாற்பத்தேழாவது பெயர்
கல்லுக்கு எதிரே கடலை விற்கிறது.

வே. பாக்கியவதி.
மொனராகலை ஆஸ்பத்திரியில்
பதினேழு நாள் பெயரில்லாமல் கிடந்தவள்.
திரும்பி வருவதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது.
மேலே போன பட்டியல் கீழே வருவதில்லை,
கல்லாகித்தான் வந்தது.

"சபைக்கு எழுதினா வெட்டி எடுக்கலாம் அக்கா."
சரை சுருட்டிய கை நிற்கவில்லை.
"நாற்பத்தாறு என்ட மனிசன்.
நாற்பத்தெட்டு மகள்.
நடுவுல வெட்டினா
அதுகள் ரெண்டும் தள்ளித் தள்ளி
இருக்கிற மாதிரிக் கிடக்கும். விடு புள்ள."
ஆண்டு, இரண்டாயிரத்து ஆறு. மொழி, தமிழ். நிலைமை, நல்லது.
கடலைக்கு நூறு ரூபா.
வாங்கிக்கொண்டாள்.

அத்துடன் முடித்திருக்கலாம்.
திரும்பும் வழியில் அரிசி ஆலைச் சந்தி.
அங்கே கல் கிடையாது.
பள்ளம் இல்லை, மேடு இல்லை, கோயில் இல்லை, பள்ளி இல்லை,
ஆனாலும் இந்த ஊரில் எல்லோரும்
அந்த இருபது அடிக்கு
இறங்கி உருட்டுகிறார்கள்.
பஸ் வராத நாள் என்றார் ஒருவர்.
வந்த நாள் என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்.
இருவரும் பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள்.
எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.
இறங்க மட்டும் தெரியும்.

இருபத்தொன்று. ஆலைச் சந்தி.
ஆண்டுக்கு ஒரு கோடு, மொழிக்கு ஒரு கோடு.
நிலைமை: பாவனையில்.
ஆறாம் நிரலில் பேனையை வைத்து,
எடுத்தேன். வைத்தேன்.
ஒரு புள்ளி மட்டும் ஊறிப் பரவியது.

வெள்ளிக்கிழமை தலைமை லிகிதர் அலியார்
அந்த வரியைச் சிவப்பால் வெட்டினார்.
"இல்லாத கல்லுக்கு இலக்கம் போட ஏலாது புள்ள."
நியாயம்தான்.
மொத்தம் இருபது என்று கூட்டிக் கையெழுத்து வைத்தேன்.

ஐந்து மணிக்கு அவருக்குப் பின்னால்தான் வந்தேன்.
சந்தி கிட்டியதும்
மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி,
இஞ்சினை நிற்பாட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிக்
கைப்பிடியில் கொளுவிவிட்டு
தள்ளிக்கொண்டு போனார்.