வயிரவன் பேரில் பற்று

முன்னெழுத்து என்னவென்று கேட்டேன், பேரேட்டில் பதிய.
"போடாதீர்கள்" என்றான்.
நகரத்தார் வீட்டில் வளர்ந்தவனுக்கு
அப்பன் பாட்டன் எழுத்து இரண்டு மூன்றாவது
முன்னால் வரிசை கட்டி வர வேண்டாமா?
இவன் பெயர் வெறுந்தலையோடு வந்து நின்றது.

தவணை தவணையாகத்தான் தெரிந்தது.
காரைக்குடிக் கொட்டகைக்கு வந்த நாடகக் கம்பெனி.
மூன்றாம் நாள் அல்லி வேஷக்காரிக்குக் காய்ச்சல்,
ஏழாம் நாள் பிணம்.
தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த இரண்டு வயதை
நேமத்தான்பட்டிக்குத் தூக்கிப்போனவர் தேனம்மை ஆச்சி.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு
எல்லாம் ஓடவிட்டார்கள்.
ரங்கூன் பொம்மை, இங்கிலீஷ் வாத்தியார்.
மஞ்சள்நீர் மட்டும் கொடுக்கவில்லை.
கூத்தாடி பெற்றதைக் கோயிலில் புள்ளி சேர்ப்பதா
என்று செட்டியார் கேட்டதில்
கணக்குப்படி தப்பில்லை.
ஆச்சி கண்மூடிய மறுமாதம்
அவன் வாசலுக்கு வெளியே.

எங்கள் பத்திரிகைக்கு அவன் எழுதியதெல்லாம் பயம்.
அறுபது அறை வீடு, பூட்டிப் பன்னிரண்டு வருஷம்,
விடியற்காலையில் உள்ளே யாரோ பெருக்குகிற சத்தம்.
ஈப்போவிலிருந்து ஒருவர் கடிதம் போட்டார்:
என் வீட்டுச் சாவி இது, போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.
நிஜமாகவே உறைக்குள் சாவி இருந்தது.
கதைக்கு எட்டு ரூபாய் கொடுத்தோம்.

எட்டு ரூபாய்க்கு ஒன்றரை ஊசி.
மரகதத்துக்கு அப்போது பத்தொன்பது.
காய்ச்சல் ஏறும் பிற்பகல்களில்
பாயை விலக்கிவிட்டு
ஒண்டிக்குடித்தன அறையின் ஆத்தங்குடிக் கல்லில்
கன்னத்தை வைத்துப் படுப்பாளாம்.
"எழுந்த இடத்தில் பூ வரைந்த கல்மேல்
வேர்வையில் ஒரு கன்னம் இருக்கும்.
காய்வதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடுவேன்" என்றான்.
கேட்டுக்கொண்டே நான்
முன்பணம் ஐந்து என்று பதிந்தேன்.
நாற்பது ஊசி என்றிருந்தார் டாக்டர்.
இருபத்தாறில் நின்றது.

பிறகு குடித்தான். மதுவிலக்கு ஊரில்
எங்கே கிடைத்ததோ.
அச்சகத்து ஸ்பிரிட் புட்டியை நான் பூட்டிவைத்தேன்.
ஒரு தம்ளர் போதும் அவனுக்கு,
கம்பாசிட்டர் பையன்கள் ஒவ்வொருவரிடமும் போய்
மன்னிப்புக் கேட்பான்,
எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது.

தை கடைசியில் வந்தான். பத்து ரூபாய்.
சொந்தப் பத்திரிகை தொடங்கப் போகிறானாம்,
அட்டைப் படம்கூட ஆயிற்றென்று
நாலாய் மடித்த தாளைப் பிரித்தான்.
"ஐந்தொகை எடுக்கிற நேரம், சித்திரையில் வா" என்றேன்.
பொய்.
ஐந்தொகைக்கு இரண்டு மாதம் கிடந்தது.

மாசியில் தேர்தல். ஓட்டு முடிந்த இரவு
தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனில் கிடந்தான்.
எவனுடையதோ சட்டை, முழங்கால்வரை இறங்கி.
மூன்று விரலில் மை.
எந்தெந்தச் சாவடிக்கு நடத்திப்போனார்களோ,
முன்னெழுத்தோடு மூன்று பெயர்
அன்றைக்கு அவனுக்கு இருந்திருக்கும்.
கழுத்துப் பட்டையில் சலவைக் குறி:
ஒரு கோடு, ஒரு புள்ளி.
எந்த வீட்டுக் குறியென்று ஊர் ஊராய் விசாரித்தேன்.
ஆஸ்பத்திரியில் நாலு நாள்,
"பெருக்கியது போதும், பெருக்கியது போதும்" என்று
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தானாம்.

இரங்கல் எழுதியவர் அவனைப் பிடிக்காதவர்.
குடிகாரன், உண்ட வீட்டை மறந்தவன்
என்று ஒன்றரைப் பக்கம், நல்ல தமிழ்.
பதினைந்து ரூபாய்.
வவுச்சர் எழுதியது நான்தான்.

வயிரவன் பேரில் பற்று நாற்பத்து மூன்று ரூபாய்
இருபத்தைந்து நயா பைசா.
தள்ளுபடி போட்டு மூடு என்றார் முதலாளி.
வருஷா வருஷம் புதுப் பேரேட்டுக்கு
அதைக் கொண்டுபோகிறேன்.
ஆடிட்டர் விரல் அந்த வரியில் நிற்கும்.
வரவேண்டியது என்பேன்.