ஏழாம் பக்கம்

பாரம் என்றால் எங்களுக்குச் செம்பனைக் குலைதான்.
நடைக்கு ஐந்து டன்,
மில் வாசலில் எடை போட்டுச் சீட்டுத் தருவார்கள்.
ஈப்போவில், கண்ணாடித் தடுப்பின் இடுக்கு வழியாக
புவான் நொராய்னி தள்ளிய பாரம்
பதினாறு தாள், ஒரு கிளிப்.
இதைத் தூக்கத்தான் கை நடுங்கிற்று.

ஏழாம் பக்கத்தில்
வாகனங்கள் என்று ஒரு கட்டம்,
உள்ளே மூன்று வரி.
எங்களுக்கும் மூன்றுதான்,
அளவெடுத்துத் தைத்த மாதிரி.

முதல் வரியில் லோரி.
எடுத்தது என் பெயரில், ஓட்டியது சந்திரபோஸ்.
அவர் பெயர் பேங்கில் அதற்கு முன்பே கெட்டிருந்தது.
ஒரே ஒரு கையெழுத்து, வல்லி, என்றார்.
பதினேழு போட்டேன். எண்ணினேன்.
கடைசித் தவணை கட்டும்வரை
லோரி பேங்குக்காரனுடையதாம்,
இப்போதுதான் தெரிகிறது.
அதற்கா பூசணிக்காய் உடைத்தோம்,
ஆயுத பூஜைக்கு நெற்றி நிறையச் சந்தனம் வைத்தோம்!
அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக்
காது குத்தி விருந்து போட்ட கதை.

இழுத்துப் போக வந்தவனும் நம்ம பீடோர்ப் பையன்,
கனகரத்தினம் மகன்.
மன்னிச்சுக்குங்கக்கா என்று சாவி கேட்டான்.
கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைக்
கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத்தான்
கியர் போட்டான்.
ஏலத்தில் போனது போக
மீதி நாற்பத்தோராயிரம் வெள்ளி என் தலையில்.

இல்லாத லோரிக்கு எந்தக் கட்டம், புவான்?
அவள் தாளைப் புரட்டினாள்.
பதினொன்றாம் பக்கம், கடன்கள்.
நாலு பக்கம் தாண்டிப் போய்
அங்கே நின்றது லோரி.

இரண்டாம் வரியில் காடி.
பழைய விவா, கதவில் கீறல்,
தவணை முடிந்து மூன்று வருஷம்.
கட்டி முடிக்காததைப் பேங்க் கொண்டுபோகும்,
கட்டி முடித்ததை இவர்கள்.
நியாயம் இரண்டு பக்கமும் ஓடுகிற சாலை.
காடியைச் சத்தமில்லாமல்
மருமகன் பெயருக்கு மாற்றிடுங்க அண்ணி
என்றிருந்தான் கொழுந்தன்.
ஒன்பதாம் பக்கம் கேட்கிறது:
ஐந்து வருஷத்தில் யாருக்காவது
எதையாவது கொடுத்தாயா, விற்றாயா, மாற்றினாயா.
ஒன்பதாம் பக்கத்துக்கு
என் கொழுந்தனை நன்றாகத் தெரிந்திருக்கிறது.
காடியை எழுதினேன், கீறலையும் சேர்த்து.

மூன்றாம் வரிக்கு வந்ததும்
பேனா தானாக நின்றது.
மோட்டார்.
கப்சாய், பதினாலு வருஷம்,
பின் சீட்டில் இரும்புப் பெட்டி,
ஆ ஹோக் நாலு நட்டுப் போட்டு முடுக்கியது.
விடியற்காலை ஐந்து மணிக்கு
நாற்பது பொட்டலம் தோசை மாவு அதில் போகும்,
பழைய லயத்துக்காரர்கள் குடியேறிய
அந்தத் தாமான் முழுக்க.
தொழிலுக்கு வேண்டிய சாமான்
ஐயாயிரம் வெள்ளிக்குள் என்றால் தொடமாட்டோம்,
ஆனால் இது வாகனமாயிற்றே, என்றாள் புவான்.
சாமான்தான் என்றேன்.
வாகனம் என்றாள்.
வந்து பாருங்கள் என்றேன்.

வந்தாள், அந்த வெயிலில்,
முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.
மூடியைத் திறந்தாள்.
விளிம்பில் காய்ந்திருந்ததை
நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள்.
இன்றைக்குப் பொங்கியது, என்றேன்,
கொஞ்சம் அதிகமாகவே புளித்துவிட்டது.
சிரிக்கவில்லை.
மேலே போய் மூன்றாம் வரியை அடித்துவிட்டு
வேறொரு பக்கத்தில்
அலாட் என்று எழுதினாள், கருவி.
மதிப்பு ஆயிரத்து நானூறு.

வாசலில் சந்திரபோஸ் காத்திருந்தார்.
வரும்போதும் பஸ்தான் அவர்.
பெட்டி உட்கார்ந்த மோட்டாரில்
இன்னோர் ஆளுக்கு இடம் ஏது?
நாலு நட்டுதானே வல்லி,
கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறேன்,
சேர்ந்தே போயிடலாம் என்றார்.
கழற்றினால் இது வெறும் மோட்டார் என்றேன்.
கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார்.
ஐந்து டன்னை ஒற்றைக் கையில் திருப்பியவருக்கு
பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

தாப்பாவில் மழை பிடித்தது.
மழைச்சட்டை ஒன்றுதான் இருந்தது.
பெட்டிக்குப் போர்த்தினேன்.
உள்ளே நாளைக்கு உளுந்து, இரண்டு கிலோ.