ஒன்றுக்கு இரண்டு

வஹாக்காச் சந்தையின் பின்தெருவில்
கொக்கோ அரைக்கிறவன் நான்.
கொட்டை, பட்டை, பாதாம், சர்க்கரை:
அவரவர் அளவு அவரவர் வீட்டு ரகசியம்.
எனக்கு மட்டும் எல்லா வீடும் தெரியும்.

பதினோரு வருடமாக எவோடியாவுக்கு
ஒன்றுக்கு இரண்டு சர்க்கரை.
"அவருடைய நாக்கு" என்பாள்.
நேற்று, அரைப்பங்கு போதும் என்றாள்.
நான் ஏனென்று கேட்கவில்லை.
இயந்திரம் ஓடும்போது
எதையும் கேட்காமல் இருந்துவிடலாம்.

கறுத்து, சூடாக வழிந்தது விழுது.
விரலால் தொட்டு நக்கினாள்,
கண்ணை மூடிக்கொண்டு,
இன்னொரு தரம்.

ஒருகாலத்தில் இங்கே இந்தக் கொட்டைதான் காசு.
முயலுக்கு இத்தனை, வான்கோழிக்கு இத்தனை.
உள்ளே சுரண்டி மண்ணடைத்து
கள்ளக்கொட்டை தள்ளிவிட்டவர்களும் உண்டு.
மிளகாயோடு குடித்தார்கள், நுரை பொங்க.
சர்க்கரை பிறகுதான் கப்பலில் வந்தது,
யாருடைய நாக்குக்காகவோ.

இன்று அபுந்தியோ வந்தான்.
சட்டையில் ஒரு பித்தான் துளை மாறியிருந்தது.
ஒரு கிலோ கொட்டை, பச்சையாக.
"வறுக்கணுமா?"
தோலும் நீக்கணும் என்றேன்.
நின்றான்.
பக்கத்துக் கடைக்காரி நகரும்வரை நின்றுவிட்டு,
குரலைத் தாழ்த்தி,
"பாலிலா, தண்ணீரிலா?"

பதினோரு வருடம் விடியலில்
மர மத்து உருளும் சத்தத்தில் கண்விழித்தவன்.

தண்ணீரில், என்றேன்.
உள்ளங்கைகளுக்கு நடுவே மத்தை உருட்டு,
நுரை எழும்வரை.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

இயந்திரத்தைப் போட்டேன்.