மூன்று சுழி

டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி:
'கவனம் சிதறுகிறது. வீட்டில் பார்க்கவும்.'
கையெழுத்துப் போட்டேன்.
சிதறியதை எங்கே போய்ப் பார்ப்பது?
முதலில் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்:
ஒரு கிரேயான், அரை ரப்பர்,
போன மாதம் தொலைந்த என் ஏடிஎம் கார்டு.

சூளைமேட்டில் முதல் மாடி எங்கள் வீடு.
ஜன்னலுக்குக் கீழே தெரு,
தெரு நடுவே குழாய்க்குத் தோண்டி மூடாத பள்ளம்,
பள்ளத்தைச் சுற்றி
ஊரில் உள்ள எல்லா ஹாரனும்.
உள்ளறையில் வேதா, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து
இத்தனைக்கும் நடுவே தூங்குகிறாள்.
அந்த வரம் மகளுக்கு வரவில்லை.

சம்யுவுக்கு ஆறு வயது முடிய இரண்டு மாதம்.
'வண்டி' பத்து முறை எழுத வேண்டும்.
முதல் வண்டி ஒழுங்காக வந்தது.
இரண்டாவதில், ணகரத்தின் பாதியில்
தண்ணி கேன்காரர் படியேறினார்;
எண்ணிக்கை தவறி நான்கு சுழி.
மூன்றாவதில் பழைய பேப்பர் மைக்.
ஐந்து சுழி, வால் வேறு.
"அப்பா, இது வண்டியா, ரயிலா?"
நான் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

டிவியை அணைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன்.
ஃபேன் சத்தம் பெரிதானது.
சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன்.
சுவரில் பல்லி.
'பல்லிக்கு இருக்கிற கவனத்தைப் பார்' என்று
சொல்ல வாயெடுத்து
விழுங்கிக்கொண்டேன்.

நியாயம் என்றால் எல்லோருக்கும்தானே,
என் போனை அரிசி டிரம்மில் புதைத்தேன்.
அரிசிக்குள்ளிருந்து அது உறுமியது.
இருவரும் நிமிர்ந்தோம்.
யார் முதலில் நிமிர்ந்தது என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

அப்புறம்தான் மணல் கடிகாரம்.
ஈவினிங் பஜாரில் நூற்றிருபது சொன்னார்,
எழுபதுக்கு இறங்கினார். நீல மணல்.
மூன்று நிமிடம் ஓடும் என்றார்;
வீட்டில் பார்த்தால் இரண்டே முக்கால்.
"இது தீர்ற வரைக்கும் எழுது.
தீர்ந்ததும் எழுந்து குதிக்கலாம்,
அம்மா ரூம் பக்கம் வேண்டாம்."
கவிழ்த்தேன்.

பென்சிலைக் கீழே வைத்தாள்.
முகவாயை மேஜைமேல் வைத்தாள்.
பார்த்தாள்.

கேன்காரர் காலி கேனை உருட்டிக்கொண்டு இறங்கினார்.
பள்ளத்தில் ஸ்கூட்டர் சக்கரம் மாட்டி
நாலு பேர் "தூக்கு, தூக்கு" என்றார்கள்.
குக்கர் மூன்றாவது விசில்.
அரிசிக்குள் மறுபடியும் போன்.
எறும்பு நுழையாத அந்த இடுப்புத் துளை வழியே
நீலம் இழையாக இறங்குவதை,
மேலே குழி விழுவதை,
கீழே குன்று எழுந்து
தன் உச்சியைத் தானே சரித்துக்கொள்வதை
இரண்டே முக்கால் நிமிடமும்,
கடைசித் துகள் வரை பார்த்தாள்.

திட்ட வந்தவன் உட்கார்ந்துவிட்டேன்.
முனைப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டால்
முதலில் ஓடுகிறவள் இவள்;
சாக்கடை ஓரம் தெறித்த சில்லைக்கூட விடமாட்டாள்.
டைரிக்கு இதை எப்படிப் பதில் எழுதுவது?

"இன்னொரு தடவை" என்றாள்.
கவிழ்த்தேன். மறுபடி கவிழ்த்தேன்.
நான்காம் தடவை அவளே கவிழ்த்துவிட்டுப்
பென்சிலை எடுத்தாள்.

ஹாரன் வந்தது. கை நின்றது.
தலை ஜன்னல் வரை போனது.
நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
தலை தானாகத் திரும்பி வந்தது.
விட்ட இடத்தில் முனையை ஊன்றி
உதடு அசைய,
"ரெண்டு... மூணு."

எட்டிப் பார்த்தேன். வண்டி இல்லை.
யாரும் கேட்காத ஒரு சொல்:
மணல்.
மூன்றே சுழி.
லகரம் மட்டும் கோட்டைத் தாண்டி
வெளியே நின்று வேடிக்கை பார்த்தது.

பிறகு குதித்தாள்,
கீழ்வீட்டுக்காரர் கொம்பால் தட்டும்வரை.
மீதி ஏழு வண்டி
நாளைக்கு வரும்.
பள்ளம் இருக்கிறது,
மெதுவாகவே வரட்டும்.